தீக்கோழி முட்டை ஓடும் சுடுதண்ணீரும்

கிழமையில் ஐந்து நாள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு தொழிற்சாலையில் தலைக்கு வலை போட்டுக்கொண்டு சாண்ட்விச் அடுக்கினேன். சனிக்கிழமை மட்டும் சேலை கட்டி ரீச்சர் ஆனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்து எங்கள் ஆட்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஊரில் பட்டப்படிப்பு முடித்தவள் என்று எனக்கு மேல்வகுப்பைக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் வாசலில் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் நாலு பேர் "வணக்கம் ரீச்சர்" என்பார்கள். அந்த வணக்கத்துக்காகத்தான் கிழமை முழுவதும் அந்த வலையைத் தலையில் தாங்கினேன் என்றால் பொய்யில்லை.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் மாலை வகுப்பில் எனக்கு ஆங்கிலம் பேசப் பழக்கிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பிறகு அவள் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைக் காணும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பாள். நானும் சும்மா இருக்கமாட்டேன். எங்கள் பிள்ளைகள் மேடையில் ஏறினால் தமிழ் அருவியாகக் கொட்டும் என்று அளந்து வைத்திருந்தேன். ஒருநாள் அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு விருந்தாளிகளை உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டாள்.

விருந்தாளிகள் நமீபியாவிலிருந்து வந்தவர்கள். கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் சான் மக்கள். வெள்ளைக்காரர் முன்பு 'புஷ்மன்' என்று பெயர் வைத்து அழைத்தார்களே, அவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளைத் தூரத்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் விட்டு, பிறத்தியாரின் மொழியில் படிப்பித்தார்களாம். பிள்ளைகள் தாங்காமல் ஓடி வந்துவிடுவார்களாம். அப்படி ஓடி வந்தவர்களுக்காக ஊர்க்காரர்களே ஒரு சின்னப் பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தார்கள். தோல் பதனிடுவது, தீக்கோழி முட்டை ஓட்டில் மணி செய்து கோப்பது, தையல், தோட்டம் என்று கைத்தொழில்கள். அதோடு சேர்த்து எழுத்தும் கணக்கும், எல்லாம் சொந்த மொழியில்.

இப்போது அந்த ஊரில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் அதே இடத்தில், அதே மொழியில் பள்ளிக்கூடம் தொடங்குவதா, அல்லது இந்த மொழியை வைத்துக்கொண்டு என்ன வேலை கிடைக்கப் போகிறது என்று விட்டுவிடுவதா? ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. சிறு கூட்டங்கள் தங்கள் மொழியை எப்படிக் காப்பாற்றுகின்றன என்று பார்த்து வரத்தான் இந்த இரண்டு பேரையும் அனுப்பியிருந்தார்கள். வேல்ஸ் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டார்கள். அடுத்தது லண்டன். பார்த்ததைப் பார்த்தபடி ஊர்க்கூட்டத்தில் சொல்லவேண்டும் என்பது கட்டளை.

நான் யோசிக்கவேயில்லை. தாராளமாகக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் அதிபர் ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் காசாளராக வேலை பார்த்தார். அவருக்கும் சனிக்கிழமைதான் உயிர்.

"ஆரவை ரீச்சர்? தூதரக ஆக்களோ?"

"இல்லை சேர். சான் எண்டு ஒரு சனம். பாலைவனத்திலை இருக்கினம்."

"ஓ, எங்கடை வேடர் மாதிரி. பாவங்கள். வரட்டும், வரட்டும். தமிழின்ரை தொன்மை என்னெண்டு காட்டி விடுவம்."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் உறுத்தவில்லை. நானும் மனதுக்குள் பாவங்கள் என்றுதான் நினைத்தேன்.

தொன்மையைக் காட்டுவதற்கு எங்களிடம் இருந்த பெரிய ஆயுதம் என் மகள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான். வீட்டில் தொலைக்காட்சிக்கு மேல் கோப்பைகள் வரிசையாக நிற்கும். அவள் எப்படிப் பேசினாள் என்பதையும் சொல்லவேண்டும். நான் தமிழில் பேச்சை எழுதுவேன். பிறகு அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அவள் அதைக் குளியலறையிலும் பஸ்ஸிலும் பாடமாக்குவாள். எங்கே கையைத் தூக்குவது, எங்கே குரலை இறக்குவது என்று பென்சிலால் குறித்து வைப்போம். இதில் இரகசியம் ஒன்றுமில்லை. எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் இரவல் வாங்குவதும் உண்டு.

"இஞ்சரும், பிள்ளைக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை. உச்சரிப்புச் சுத்தமா இருக்கவேணும்," என்பார் என் கணவர். ழகரம் வந்தால் போதும், மனுஷன் குளிர்ந்துவிடுவார்.

வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எப்போதும் அப்படி இருந்ததில்லை. சின்ன வயதில் தமிழில் வாய் ஓயாமல் பேசினாள். எல்லாம் பிழை பிழையாக வரும். வீட்டுக்கு வந்த என் தமையனைப் பார்த்து, "மாமா, நீ எப்ப வந்தது?" என்று கேட்டாள். நாங்கள் வயிறு பிடித்துச் சிரித்தோம். அதன் பிறகு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவோம். "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்போம். அவள் சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். அருமை பெருமையாகத்தான் சிரித்தோம். எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை. நிறுத்தியதையே நான் கவனிக்கவில்லை.

விருந்தாளிகள் வந்த நாள் புரட்டாசிச் சனி. பாதித் தாய்மார் விரதம். வாசலில் நிறைகுடம் வைத்தோம். தேவாலயத்துக்காரர் மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்பதால், மின்வேலை தெரிந்த ஒரு தகப்பன் குத்துவிளக்கில் ஐந்து டோர்ச் பல்பு பொருத்தித் தந்திருந்தார். அதிபர் அந்த விளக்கின் சுவிட்சைப் பக்தியோடு போட்டார். வெள்ளைக்காரப் பெண் விருந்தாளிகளை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லவே கூசுகிறது. தோலாடையும் ஈட்டியும் இல்லாவிட்டாலும் அதில் கொஞ்சமாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். வந்த பெண்மணி நீல நிற அனராக் குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். குள்ளமான, நடுவயதுப் பெண். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வழியில் வாங்கிய சிப்ஸைத் தின்றுகொண்டே உள்ளே வந்தார். பயிற்சி நிலையத்தில் மணி வேலை பழக்குபவர் அவர்தான். கூட வந்தவர் நரைத்த தாடிக்காரர், அங்கே எழுத்துப் படிப்பிக்கும் ஆசிரியர். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். பெண்மணிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த மனிதர்தான் மொழிபெயர்த்தார்.

அதிபர் பெண்மணியின் அனராக்குக்கு மேலே மாலை போட்டார். பிறகு ஆங்கிலத்தில் வரவேற்புரையைத் தொடங்கினார். ஆதித் தமிழன், கடல் கொண்ட நாடு, இலக்கணம் என்று எதையும் மிச்சம் விடவில்லை. தாடிக்காரர் பெண்மணியின் காதில் மொழிபெயர்த்தார். அவர்களுடைய மொழியில் நாக்கை மேல்வாயில் தட்டி எழுப்பும் ஒலிகள் நிறைய. நாங்கள் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டுவோமே, அது போல ஒன்று. மாட்டை ஓட்டுவது போல இன்னொன்று. அதிபர் ஐந்து நிமிடம் பேசியதை அந்த மனிதர் இரண்டு சொடுக்கில் முடித்துவிடுவார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கண்ணை உருட்டினேன்.

பிறகு மகள் மேடையேறினாள். பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம் போல துணிப்பூ. 'தாய்மொழியின் பெருமை' என்பது தலைப்பு. மூச்சு விடாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் பேசினாள். கை தூக்கவேண்டிய இடத்தில் தூக்கினாள். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். என் கணவர் எழுந்து நின்றே தட்டினார். எனக்கு நெஞ்சு விம்மி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சான் பெண்மணி ஏதோ சொன்னார். தாடிக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஒலிவாங்கியில் சொன்னார். "இவ்வளவு சின்னச் சத்தத்தைக் கேட்கவா எங்களை இவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள் என்று கேட்கிறார்."

அதிபரின் முகம் செத்துப்போயிற்று. தாடிக்காரர் அவசரமாக விளக்கினார். அவர்கள் ஊரில் ஒருவன் பெரிய மிருகத்தை வேட்டையாடி வந்தால், யாரும் புகழமாட்டார்களாம். வெறும் எலும்பு, இதைத் தூக்கவா எங்களைக் கூப்பிட்டாய் என்று மட்டம் தட்டிப் பேசுவார்களாம். வேட்டையாடியவனும் ஆமாம், ஒன்றுக்கும் உதவாது என்பானாம். அவன் மனம் வீங்கக்கூடாது என்பதற்காக அந்த வழக்கம். பயிற்சி நிலையத்திலும் அப்படித்தான். நல்ல வேலை செய்த பிள்ளைக்குக் கோப்பை கிடையாது, பகிடிதான். "நன்றாகப் பேசினாள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்," என்றார்.

அதிபர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெண்மணி கழுத்தில் போட்டிருந்த வெள்ளை மணிமாலையைக் காட்டி, பதில் மரியாதை செய்யப் பார்த்தார். வாழ்க்கையில் எதையும் தாழ்த்திப் பேசிப் பழகாத மனுஷன். "மிகவும் மோசமான மாலை. ஈடு இணையற்ற மோசம். உலகப் புகழ் பெறவேண்டிய மோசம்," என்றார் ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து நன்றாகச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பெண்மணிக்கு இருமல் வந்தது. சுடுதண்ணீர் கிடைக்குமா என்று தாடிக்காரர் கேட்டார். அதிபர் மேடையில் நின்ற மகளிடம் தமிழில் சொன்னார். "பிள்ளை, மாமிக்குச் சுடுதண்ணி வேணுமாம். குசினிக்கை போய் வாங்கிக்கொண்டு வா."

மகளுக்கு விளங்கியது. "கிச்சனில் இருந்தா? சரி, வாங்கி வருகிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். ஒலிவாங்கி அவள் வாய்க்கு முன்னால் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதிபர் சும்மா விட்டிருக்கலாம். விருந்தாளிகளுக்கு முன்னால் அல்லவா? "தமிழிலை சொல்லு பிள்ளை, தமிழிலை," என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, சொல்லு என்றேன். அவள் பென்சில் குறி இல்லாத ஒரு வசனத்தைத் தானாகச் செய்யத் தொடங்கினாள்.

"நான்... மாமிக்கு... சுடுதண்ணி வந்தது... குடுக்கிறாய்..."

மண்டபம் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை தத்தித் தடுமாறி நடக்கும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வழக்கம் போல, "திரும்பச் சொல்லம்மா!" என்று குரல் கொடுத்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அந்தப் பிழை என்னுடையது ஆகிவிடும் என்று பட்டது. சிரித்தால் நானும் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களின் பக்கம். மேல்வகுப்பு ரீச்சரின் மகளுக்குச் சுடுதண்ணீர் கேட்கத் தெரியவில்லை என்பதை நூற்றுக்கணக்கான கண்களுக்கு முன்னால் எப்படி மறைப்பது? காது மடல் கொதித்தது. அவள் மேடையிலிருந்து எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க ஏலவில்லை.

தாடிக்காரர் என் பக்கத்தில் வந்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று பெண்மணி கேட்பதாகச் சொன்னார்.

"பிழையாகச் சொல்லிவிட்டாள்," என்றேன்.

"சுடுதண்ணீர் என்பது விளங்கவில்லையா?"

"அது விளங்கியது."

அவர் அதைப் பெண்மணிக்குச் சொன்னார். பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு அமளியில் சுடுதண்ணீரை யாரும் கொண்டுவரவில்லை. கடைசியில் தாடிக்காரர்தான் குசினியைத் தேடிப் போய் வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத பிறவிகளாக நின்றோம்.

இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய முறை. பெண்மணி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே தடித்த வெள்ளை ஓட்டுத் துண்டுகள், முனை தீட்டிய மெல்லிய இரும்புகள் பொருத்திய குச்சிகள், தேய்க்கும் கற்கள். ஓட்டைச் சிறு துண்டாக நொறுக்கவேண்டும். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, மத்தால் மோர் கடைவது போல உருட்டித் துளை போடவேண்டும். பிறகு மான் நரம்பிலிருந்து திரித்த நாரில் கோத்து, கல்லில் தேய்த்து வட்டமாக்கவேண்டும்.

நார் என்றதும் ஒரு தாய் ஓடி வந்தாள். "ரீச்சர், இது மிருகத்தின்ரை நரம்பெல்லே? புரட்டாசிச் சனியும் அதுவுமாப் பிள்ளையளின்ரை கையிலை குடுக்கிறீங்களே?" நான் போய் மாலை கட்டும் நூலை எடுத்து வந்தேன். பெண்மணி நூலை இழுத்துப் பார்த்தார். அறுந்தது. தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டாக மடித்துக் கோக்கச் சொன்னார்.

அவர் அங்கே எப்படிப் பழக்குவாரோ அப்படியே இங்கேயும் பழக்கினார். மொழிபெயர்ப்பு இல்லை. தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக இருந்துவிட்டார். பெண்மணி ஒரு பொருளைத் தூக்கிக் காட்டிப் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரைச் சொல்லி, கொடு என்று அவர்களுடைய மொழியில் கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். கேட்காவிட்டால் வராது. பிள்ளைகள் முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒருவன் நாக்கைத் தட்டி என்னமோ சொன்னான். குச்சி கிடைத்தது. அவ்வளவுதான். எல்லோரும் நாக்கைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மண்டபம் முழுக்கச் சொடுக்குச் சத்தம். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை என்பது தாடிக்காரரின் முகத்திலேயே தெரிந்தது. பெண்மணிக்குப் பொருள் விளங்கினால் போதும், நீட்டிவிடுவார்.

மகள் முதலில் கோட்டுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அழுதிருந்தாள். அவளைக் கூட்டி வர எனக்குக் கால் எழவில்லை. என்ன சொல்லிக் கூட்டி வருவது? கொஞ்ச நேரத்தில் அவளே வந்து கூட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் மற்றப் பிள்ளைகளின் நூலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, அவள் பெண்மணியின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்து, கையை நீட்டி அந்த மொழியில் கல்லைக் கேட்டாள். கிடைத்தது. பிறகு குச்சியைக் கேட்டாள். பிறகு பெண்மணி கையை நீட்டி அவளிடம் கேட்டார். அவள் கொடுத்தாள். பட்டுப் பாவாடை முழுக்க வெள்ளைத் தூள். இத்தனை வருடத்தில் என்னிடம் தமிழில் எதையும் இப்படிக் கைநீட்டிக் கேட்டதில்லை. அந்த ஓட்டுத் துண்டைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. அதை நினைத்து அப்போதே வெட்கமாகவும் இருந்தது.

நரம்பைப் பற்றிக் கேட்ட அதே தாய் என் காதருகே வந்தாள். "பாசிமணி கோக்கிற வேலையைப் பழக்கவோ ரீச்சர் பிள்ளையளை இஞ்சை அனுப்புறம்? அது ஊரிலை குறவர் செய்யிற வேலையெல்லே? எங்கடை பிள்ளையள் டொக்டரா வரவேண்டிய ஆக்கள்."

தாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அந்த முகம் பழக்கமானது என்று நினைக்கிறேன். நான் அடுத்த பிள்ளையின் நூலை எடுத்து மடித்தேன். நான் நாளெல்லாம் சாண்ட்விச் அடுக்குகிறவள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு அலுவலகத்தில் வேலை என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். கையால் செய்யும் வேலையை மறைத்துக்கொண்டு திரிகிற நான் எந்த முகத்தோடு அவளுக்குப் புத்தி சொல்வது?

புறப்படும் நேரம். பெண்மணி டின்னை மூடினார். பிள்ளைகள் கோத்த மணிகளை அவரவரிடமே கொடுத்துவிட்டார். பிறகு நேராக என்னிடம் வந்து நின்று பேசினார். தாடிக்காரர் மொழிபெயர்த்தார்.

"எனக்கு ஒரு மகன். அவனும் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன். இப்போது ஒரு பண்ணையில் வேலை. நான் எங்கள் மொழியில் பேசினால் அவன் பண்ணைக்காரரின் மொழியில் பதில் சொல்கிறான். மணி வேலை உல்லாசப் பயணிகளுக்கு விற்கத்தான் என்கிறான். நான் ஊராரின் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன், என் பிள்ளைக்கு முடியவில்லை. ஊருக்குப் போனால் கூட்டத்தில் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஒரு தாய். அதனால் உங்களைக் கேட்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவதால் உங்கள் மகள் வீட்டில் உங்களோடு உங்கள் மொழியில் பேசுகிறாளா?"

அதிபர் முந்திக்கொண்டார். "நிச்சயமாக! வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம். அதுதான் எங்கள் கொள்கை!"

தாடிக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் நாலைந்து தாய்மார். அவர்களில் யாருக்கும் வேறு பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஓம் என்று சொல்லிவிட்டால் என் சேலைக்கும் சனிக்கிழமைக்கும் பழுதில்லை. ஆனால் இந்த மனுஷி நான் சொல்வதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஊருக்கு முன்னால் வைக்கப் போகிறாள்.

"இல்லை," என்றேன். "எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். மேடையில் மட்டும்தான் தமிழ்."

பெண்மணி தலையை ஆட்டினார். என் முழங்கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "மோசமான பள்ளிக்கூடம் என்கிறார்," என்றார் தாடிக்காரர். அதிபர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கைகூப்பினார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மகள் எனக்குப் பின்னால் கோட்டோடு நிற்பதைக் கண்டேன். நான் உண்மை பேசிவிட்டேன் என்று உள்ளுக்குள் எழும்பிய சின்னத் திருப்தியும் அதோடு போயிற்று. அவளுக்குக் கேட்டது வேறு. அம்மா ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் தன்னைப் பற்றிக் குறை சொன்னதுதான் அவளுக்குக் கேட்டது.

அடுத்த வருடம் அந்த வெள்ளைக்காரப் பெண்ணைச் சந்தையில் கண்டேன். கலஹாரியில் சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள், காலையில் எழுத்து, பிறகு தோல், மணி, தோட்டம், எல்லாம் அவர்களுடைய மொழியிலேயே என்று சந்தோஷமாகச் சொன்னாள். நாங்கள் உதவினோம் என்று நன்றியும் சொன்னாள். எங்களைப் பார்த்ததால் தொடங்கினார்களா, எங்களைப் பார்த்த பிறகும் தொடங்கினார்களா என்று நான் கேட்கவில்லை.

விருந்தாளிகள் வந்த அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பி வரும்போது கணவர் மண்டபத்தைப் பூட்ட நின்றுவிட்டார். நானும் மகளும் பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தோம். அவள் ஓட்டு மணியை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

"எப்பிடி உனக்கு அந்தப் பாஷை அவ்வளவு கெதியா வந்தது?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். "அது என் மொழி இல்லை அம்மா. நான் பிழையாகச் சொன்னால் உங்களுக்கு வெட்கம் வராது."

எங்கள் தரிப்பிடம் வந்ததும் அவள் எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றினாள். பின்வாசல் படியில் குந்தியிருந்து, மணியைச் சீமெந்தில் தேய்க்கத் தொடங்கினாள். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு குசினிக் கதவடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் தாய் தகப்பனுக்கு இல்லை. வேறு எப்படியாவது அவள் பக்கத்தில் போகவேண்டும் போல இருந்தது. குனிந்து கையை நீட்டி, மத்தியானம் மண்டபத்தில் கேட்ட அந்தச் சான் சொல்லை, கொடு என்ற சொல்லை, நாக்கை மேல்வாயில் தட்டிச் சொன்னேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்போதுதான் வீட்டுக்குள் வந்த தகப்பனைக் கூப்பிட்டாள். அவரும் கோட்டைக் கழற்றாமல் வந்து, என்ன பகிடி என்று சிரிக்கத் தயாரான முகத்தோடு நின்றார். எனக்குக் காது சுட்டது. நாக்கு உள்ளே மடங்கிக்கொண்டது. இவ்வளவு வயது வந்த மனுஷி, ஒரு சொல்லுக்காக என் வீட்டுக் குசினியில் ஒளிய இடம் தேடினேன்.

"திரும்பச் சொல்லுங்கோ அம்மா," என்றாள் மகள். "திரும்பச் சொல்லுங்கோ."

தமிழில்தான் சொன்னாள். ஒரு பிழையும் இல்லை.